முதல் பாகம் மட்டும் பாக்கி

அந்த ஜப்பான் கார்ட்டூன் தொடரை எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்று நான் வலைப்பதிவில் எழுதிய கட்டுரைக்கு மொத்தம் மூன்று வாசகர்கள். ஒருவர் மலேசியாக்காரர். இன்னொருவர், இதை ஆங்கிலத்தில் எழுதித் தொலைத்தால் நாலு பேருக்காவது பயன்படுமே என்று பின்னூட்டம் போட்டவர். மூன்றாவது நானே. எழுத்துப்பிழை இருக்கிறதா என்று தினமும் திறந்து பார்ப்பேன். என்னோடு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த சிஸ்டர் இந்த மூன்றிலும் சேர்த்தி இல்லை. ஒரு மதியம் முழுக்க நான் வாயால் விளக்கிய வரிசையைக் கேட்டு முடித்துவிட்டு, "இத யாருல மக்கா உங்கிட்ட கேட்டா?" என்றவர் அவர்.

தொடரின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் என் வரிசை தப்பு என்று சண்டைக்கு வர இன்றைக்கும் ஆள் இருக்கிறது. விஷயம் இவ்வளவுதான். முதலில் ஒரு தொடர் வந்தது. அது முடிந்ததும், அதற்கு முன்னால் நடந்த கதை என்று இன்னொரு தொடர் எடுத்தார்கள். பிறகு இரண்டுக்கும் நடுவில் நடந்ததாக ஒரு சினிமா. பிறகு முடிவு சரியில்லை என்று எடுத்தவர்களுக்கே தோன்றி, எல்லாவற்றையும் முடித்துவைக்க ஒரு கடைசித் தொடர். வெளியான வரிசையில் பார்ப்பதா, கதை நடக்கிற வரிசையில் பார்ப்பதா என்று உலகம் இரண்டாகப் பிரிந்து கிடந்தது. நான் மூன்றாவதாக ஒரு வரிசையைக் கண்டுபிடித்து இரண்டு கூட்டத்திடமும் வசவு வாங்கினேன். இன்ஜினியரிங்கில் அரியர் வைத்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தவனுக்கு அதுவே பெரிய சாதனையாக இருந்தது.

இதில் ஒரு கேவலம் உண்டு. கடைசித் தொடரின் முடிவை நானே பார்த்திருக்கவில்லை. என் வரிசைப்படி அதற்கு முன்னால் அந்த நடுச் சினிமாவைப் பார்த்தாக வேண்டும். அது அடியில் ஓடும் ஆங்கில எழுத்து மொழிபெயர்ப்போடு எங்கும் கிடைக்கவில்லை. அதனால் கடைசி டிவிடியைப் பையில் போட்டுக்கொண்டு ஒரு வருடத்துக்கு மேல் திரிந்தேன்.

சிஸ்டருக்குப் பெயர் இருந்தது. ஆஸ்பத்திரியில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நான் இங்கே எழுதினால் குவைத்திலிருந்து போன் வரும். இரண்டாயிரத்துப் பத்து வாக்கில், நாகர்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நான் பில் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் ஆண்கள் வார்டு நர்ஸ். குளச்சல் பக்கம் கடற்கரை ஊர்க்காரர், என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். குவைத் வேலைக்குத் தேர்வாகி விசாவுக்குக் காத்திருந்தார். மதியம் பில்லிங் அறையில் மட்டும் ஏ.சி. ஓடும் என்பதால் சோற்றுப் பாத்திரத்தோடு அங்கே வந்துவிடுவார். நான் கணினியில் கார்ட்டூன் ஓடவிட்டுச் சாப்பிடுவேன். ஒரு பாகம் ஓடி முடியவும் சாப்பாட்டு நேரம் முடியவும் சரியாக இருக்கும்.

வரிசையைக் கேட்ட அன்றே அவர் அடுத்த கேள்வியையும் கேட்டார். "செரி, இதுல யாரு சாவா?"

"அதச் சொல்லப்பிடாது சிஸ்டர்."

"அப்பம் உனக்குத் தெரியாது."

உண்மைதான், தெரியாது. நான் பதில் யோசிப்பதற்குள் என் பையைத் துழாவி, மேலே கடைசி என்று நானே எழுதி வைத்திருந்த டிவிடியை எடுத்துவிட்டார். "இதப் போடு."

போட்டுக்கொடுத்துவிட்டு நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பினேன். ஜப்பான் பேச்சு புரியாவிட்டாலும் அழுகைச் சத்தம் முடிவைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று, டிரெஸ்ஸிங் டிரேயில் இருந்த பஞ்சை உருட்டி இரண்டு காதிலும் அடைத்துக்கொண்டேன். அந்த நேரம் பார்த்துப் பணம் கட்ட வந்த ஒரு பெரியவர், கணினியைப் பார்த்துக் கண்ணைத் துடைக்கும் நர்ஸையும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் பில்லிங் ஆளையும் மாறி மாறிப் பார்த்தார். தோளைத் தொட்டு, "காது வலியா தம்பி, ஒலுவ எண்ண, அதான் வெந்தய எண்ண, விட்டுப் பாருங்க" என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

முடிந்ததும் சிஸ்டர் பஞ்சை உருவினார். "அந்தப் பொண்ணு எதுக்கு மக்கா அவனப் போயி..."

நான் பஞ்சைத் திரும்ப வைத்துக்கொண்டேன். மறுநாள் அவர், அதற்கு முந்தின பாகத்தைப் போடச் சொன்னார். அதற்கு மறுநாள் அதற்கு முந்தினது. இப்படியே கடைசியிலிருந்து பின்னால் நடக்க ஆரம்பித்தார். மனுஷப்பிறவி எடுத்த யாரும் செய்யாத வேலை என்று எனக்கு வயிறு எரிந்தது. அவர் வேறு கணக்கு வைத்திருந்தார்.

"வார்டுக்கு வாறவன் முடிவோடதான வாறான். வயிறு வலிக்குன்னு வாறான். நேத்து என்ன தின்ன, முந்தாநாளு என்ன தின்னன்னு நாம பின்னாலதான போறோம். இது மட்டும் என்ன கொம்பா?"

இதுதான் சிஸ்டர். எதிலும் அவருக்கு முடிவு முதலில் வேண்டும். வாரப்பத்திரிகையில் தொடர்கதை முடியும்வரை காத்திருந்து, கடைசி அத்தியாயத்தை வாசித்த பிறகுதான் பழைய இதழ்களைத் தேடுவார். பஸ்ஸில் யாராவது கதை சொல்ல ஆரம்பித்தால், "ஆளு இருக்கா இல்லியா, அத முதல்ல சொல்லுங்க" என்பார். அவருடைய அப்பா வள்ளத்தில் போகிறவர். வள்ளம் கரைக்கு வரும்போது, தூரத்தில் நின்றே எல்லாரும் உண்டு என்று கையைத் தூக்கிக் காட்டுவாராம். பிறகுதான் மீன் பட்டதா, வலை கிழிந்ததா என்ற பேச்சு. அதில் வளர்ந்த பிள்ளைக்கு என் வரிசை எப்படிப் பிடிக்கும்?

வார்டிலும் அதே குணம்தான். குலசேகரம் பக்கம் ரப்பர் வெட்டுகிற ஒருவர், காலில் புண்ணோடு வந்து படுத்திருந்தார். பெரிய டாக்டர்கள் ஆளாளுக்குப் பார்க்கலாம், பார்க்கலாம் என்று போய்க்கொண்டிருந்தார்கள். சிஸ்டர் கட்டிலருகே முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, "காலு போவும். உயிரு நிக்கும். இனி எப்படின்னு சொல்லுதேன், கேளுங்க" என்றார். அந்த மனிதர் வாய்விட்டு அழுதார். அழுது முடித்துவிட்டு டீ கேட்டார். அதற்கு முன்னால் அவர் ஒழுங்காக ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. இதைச் சொல்வது உன் வேலையா என்று நிர்வாகத்தில் கூப்பிட்டுத் திட்டினார்கள். சிஸ்டர் இல்லை என்று ஒத்துக்கொண்டு, அடுத்த கட்டிலிலும் அதையே செய்தார். அவர் முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு வராந்தாவில் நடந்து வந்தால், நோயாளியின் சொந்தக்காரர்கள் பாதிப்பேர் டீ குடிக்கப் போய்விடுவார்கள். எனக்கும் அவரைக் கண்டால் உள்ளுக்குள் பயம்தான்.

இருந்தாலும் வாதாடுவேன். என் கையில் பலமான ஆயுதம் ஒன்று இருந்தது. எங்கள் அப்பா தோவாளைப் பக்கத்துக் கல்யாணங்களில் பந்தி விசாரிப்பவர். தோளில் துண்டோடு பந்தியின் தலைமாட்டில் நிற்பார். பருப்பும் நெய்யும் கடைசி இலைவரை போகாமல் சாம்பார் வாளி சமையல் கொட்டகையான ஆக்குப்புரையை விட்டு வெளியே வரக்கூடாது. சாம்பாருக்குப் பிறகு பிரதமன். பிரதமனுக்குப் பிறகுதான் ரசம், மோர். மதுரைப் பக்கத்திலிருந்து வருகிற சம்பந்தக்காரர்கள், பாயசம் வந்துவிட்டதே என்று இலையை மடக்கப் போவார்கள். அப்பா பாய்ந்து போய்க் கையைப் பிடித்து, "இன்னும் சாப்பாடு முடியல்ல" என்பார். அந்த ரத்தம்தான் எனக்கும்.

"எங்க அப்பா நிக்கிற பந்தியில எவனாவது பிரதமன முதல்ல கேப்பானா சிஸ்டர்? எல்லாத்துக்கும் ஒரு முறை உண்டும்லா."

சிஸ்டர் மீன் முள்ளை நிதானமாக எடுத்து ஓரமாக வைத்தார். "பெரிய வெள்ளிக்கு நாங்க கோயில்ல பாடு நாடகம் பாக்கப் போவோம். சிலுவையில அடிப்பாவன்னு தெரியும். மூணாம் நாளு உயிர்ப்பாருன்னும் தெரியும். தெரிஞ்சிட்டேதான் போறோம். போயி வருஷா வருஷம் ஏங்கி ஏங்கி அழுவோம். முடிவு தெரிஞ்சா ருசி போவும்னு எவன் சொன்னான் உங்கிட்ட?"

மலேசியாக்காரர்தான் சொன்னார் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

பின்னாலேயே நடந்து நடந்து, நான் ஏற்கெனவே பார்த்திருந்த பாகங்களுக்கு அவர் வந்து சேர்ந்தார். அன்றைக்குத்தான் நாற்காலியை மறுபடி கணினிப் பக்கம் திருப்பினேன். அதற்குப் பிறகு பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தோம். அதுவரை அவரே எழுத்துக்கூட்டி வாசித்துவந்த ஆங்கில எழுத்தை நான் தமிழில் சொல்ல, சில இடங்களில் அவர் சோற்றை வாயில் வைக்காமல் பிசைந்துகொண்டே இருப்பார். எனக்குச் சாதாரணமாகத் தெரிந்த இடங்கள் அவை. ஒரு பொடியன் சும்மா கையாட்டிவிட்டுப் படிக்கட்டில் இறங்கிப் போவான், அதற்கு அவர் மூக்கைச் சிந்துவார். அவன் எங்கே போய்ச் சேருவான் என்று அவருக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. உள்ளதைச் சொன்னால், அந்த மாதிரி நேரங்களில் கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

அந்த வருஷம் ஆடியில் அப்பாவை எங்கள் ஆஸ்பத்திரியிலேயே சேர்த்தோம். வயிற்றில் கனம், பசியில்லை. சிஸ்டருடைய வார்டுதான். ஸ்கேன் படத்தை டாக்டர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது சிஸ்டர் பக்கத்தில் நின்றார். நான் கதவருகே நின்று சிஸ்டரின் முகத்தைப் பார்த்துவிட்டேன். டாக்டர் என்னிடம், "திருவனந்தபுரத்துல ஒரு தடவ காட்டிரலாம், பாப்போம்" என்றார். பாப்போம் என்ற சொல் எனக்குப் பிடித்திருந்தது. அதில் இன்னும் பாகங்கள் பாக்கி இருந்தன. திருவனந்தபுரத்திலும் காட்டினோம். அங்கே இருந்த டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு மலையாளத்தில் நிதானமாக எல்லாம் சொன்னார். மலையாளம் நன்றாகத் தெரிந்த நான், தெரியாதவன் போலத் தலையாட்டிவிட்டு வந்தேன்.

அதன் பிறகு சிஸ்டரிடமிருந்து ஒளிய ஆரம்பித்தேன். மதியச் சாப்பாட்டை டீக்கடைக்கு மாற்றினேன். அவர் மாடிப்படியில் இறங்கினால் நான் எக்ஸ்ரே அறைக்குள் நுழைவேன். கதிர்வீச்சு உடம்புக்கு ஆகாது என்று அங்கிருந்தவர் விரட்டினார். ஒருநாள் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்ததை வார்டுபாய் பார்த்து, டிரம்மில் பல்லி விழுந்துவிட்டதா என்று கேட்டார். சிஸ்டருக்கு முடிவு தெரியும். வாயைத் திறந்தால் சொல்லிவிடுவார். காதில் வைக்க இந்தத் தடவை பஞ்சு போதாது.

வடசேரி பஸ் ஸ்டாண்டில் மாட்டினேன். தோவாளை பஸ்ஸில் ஏறி, டிரைவர் வருவதற்காக உட்கார்ந்திருந்தேன். குளச்சல் பஸ் பிடிக்க வேண்டிய சிஸ்டர் ஏறிவந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஜன்னல் கம்பி குறுக்கே இல்லாவிட்டால் குதித்திருப்பேன்.

"முதல்லேருந்து சொல்லணுமா, முடிவ சொல்லணுமா?" என்று கேட்டார்.

"முதல்லேருந்து" என்றேன்.

"செரி. அவரே எங்கிட்ட சொன்னது இது. சித்திரையில உனக்க அப்பாக்கு பசி கொறஞ்சு. நீ கண்டியா?"

"இல்ல."

"வைகாசியில வாட்ச் மணிக்கட்டுல நிக்காம மேல ஏத்திக் கட்டினாரு. கண்டியா?"

"கண்டேன். வாட்ச் லூசாயிட்டுன்னு நெனச்சேன்."

"ஆனியில ஒரு கல்யாணத்துக்குப் போயி, பந்தியில நிக்க முடியாம சேரு கேட்டு வாங்கி..."

"போதும் சிஸ்டர். முடிவச் சொல்லுங்க."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஓணத்துக்கு இருப்பாரு மக்கா. கிறிஸ்மஸுக்கு இருக்க மாட்டாரு."

பஸ்ஸுக்குள் ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். நான் முன்சீட்டுக் கம்பியில் நெற்றியை வைத்து அழுதேன். வெட்கப்படாமல் அழுதேன். கொஞ்ச நேரம் கழித்து, அப்பாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று கேட்டேன்.

"அவரு போன வாரமே கேட்டாரு. சொல்லியாச்சு. மவன் கிட்ட சொல்லட்டான்னு கேட்டதுக்கு, அவனுக்கு எல்லாம் வரிசையாத்தான் வரணும், பையச் சொல்லுங்கன்னாரு."

அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. ஊருக்கே தெரிந்த முடிவு எனக்கு மட்டும் வரிசையில் வந்துகொண்டிருந்திருக்கிறது. கண்டக்டர் டிக்கெட் கேட்டபோது சிஸ்டர் இறங்கிப் போனார். போகும்போது, "லீவு போடு, நாளைக்கே போடு" என்று மட்டும் சொன்னார்.

லீவு போட்டேன். அப்பாவை வீட்டுக்குக் கூட்டிவந்து கூடவே இருந்தேன். அவர் தலைவாரிக்கொள்வதை, பேப்பரில் மழைச் செய்தியை மட்டும் சத்தமாக வாசிப்பதை, அம்மாவிடம் உப்புக்குச் சண்டை போடுவதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தேன். வேறு வருஷமாக இருந்தால் இதில் ஒன்றையும் கவனித்திருக்க மாட்டேன். கம்ப்யூட்டரில் இருந்திருப்பேன்.

ஆவணியில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். அப்பா போயே தீருவேன் என்றார். வாட்ச்சைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு, துண்டு மட்டும் போட்டுக்கொண்டார். பந்தியின் தலைமாட்டில் நிற்கிற மனிதர் அன்று முதல் வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். இலை போட்டார்கள். உப்பேரி, இஞ்சிப்பச்சடி, கூட்டு என்று தொடுகறிகள் வந்தன. அவரால் நாலு வாய்க்கு மேல் இறங்காது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அப்பா என் பக்கம் சாய்ந்தார். "லேய், எனக்கு பிரதமன முதல்ல வெளம்பச் சொல்லு."

அவர் கண்ணைப் பார்த்தேன். விளையாட்டு இல்லை. எழுந்து ஆக்குப்புரைக்குப் போனேன். பரிமாறும் ஆட்களுக்குத் தலைவர், அப்பாவிடம் காலமெல்லாம் திட்டு வாங்கியவர், நெய்ப் பாத்திரத்தோடு நின்றார்.

"அண்ணாச்சி, ஒரு இலைக்கு மட்டும் பிரதமன் முதல்ல வேணும்."

"பருப்பு போகாம பிரதமனா? உனக்க அப்பா கண்டா என்னக் கொன்னு போடுவாரே."

"அப்பாக்குத்தான்."

அவர் நெய்ப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, பிரதமன் வாளியைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். பந்தி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஒரு மாமா, "என்னவே, முறை தப்புகு" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார். அப்பா கையைக் காட்டி அவரை அடக்கினார். சோறு விழாத இலையில் அடைப்பிரதமன் விழுந்தது. அப்பா பழத்தையும் பப்படத்தையும் அதில் உடைத்துப்போட்டுப் பிசைந்து, வழித்து வழித்துச் சாப்பிட்டார். நாலு வாய்க்கு மேலேயே சாப்பிட்டார். அண்ணாச்சி வாளியோடு அங்கேயே நின்று, இன்னும் ஒரு கரண்டி விட்டார்.

"கொள்ளாம், நல்லா இருக்கு" என்றார் அப்பா. "இனி பருப்பு வரட்டும். வராட்டியும் சாரமில்ல."

நான் என் இலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். என்னுடைய மூன்றாவது வரிசைக் கட்டுரை எவ்வளவு அசட்டுத்தனமானது என்று அப்போது தோன்றியது. வீட்டுக்குப் போனதும் அதை அழிக்க நினைத்தேன். அழிக்கவில்லை. மலேசியாக்காரர் வருத்தப்படுவார்.

ஐப்பசி மழையில் அப்பா போனார். சிஸ்டர் சொன்னது ஒரு நாள்கூடப் பிசகவில்லை என்றெல்லாம் இல்லை. ஓணத்துக்கு இருந்தார், கிறிஸ்மஸுக்கு இல்லை, அவ்வளவுதான். பதினாறு கழிந்து வேலைக்குப் போன அன்று, சிஸ்டர் பாத்திரத்தோடு வந்து உட்கார்ந்தார். பையிலிருந்து கடைசி டிவிடியை எடுத்து நானே போட்டேன். நடுச் சினிமா அதுவரை கிடைக்கவில்லை. நாற்காலியைத் திருப்பவில்லை. அந்தப் பெண் எதற்கு அவனை அப்படிச் செய்தாள் என்பது வந்தது. எனக்குப் பாதி புரியவில்லை, ஆனாலும் அழுகை வந்தது. சிஸ்டர் டிரேயிலிருந்து பஞ்சு எடுத்துத் தந்தார், இந்தத் தடவை கண்ணுக்கு.

தை பிறந்ததும் அவருக்கு விசா வந்துவிட்டது. பின்னால் நடந்து வந்தவர், எல்லாவற்றுக்கும் முதலாவதான பாகத்தின் வாசலில் நின்றார். பெட்டி கட்டுவதிலும் பிரார்த்தனைகளிலும் மதியங்கள் போய்விட்டன. அந்த ஒரு பாகத்தைப் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தேன். விமானத்திலேயே பார்க்கிறேன் என்றார். அவர் போன பிறகு பில்லிங் அறையில் மீன்குழம்பு வாசம் போக நாளாயிற்று. போக வேண்டாம் என்றுதான் இருந்தது எனக்கு.

நாலைந்து வருஷம் கழித்து ஒரு விடுமுறை நாளில் குவைத்திலிருந்து கூப்பிட்டார். கூப்பிட்டதும் வழக்கம்போல, "எல்லாரும் உண்டும்லா?" என்று முதலில் கேட்டார். உண்டு என்றேன். எனக்குக் கல்யாணம் ஆனது, அம்மாவுக்கு முட்டுவலி, தோவாளையில் பூ விலை எல்லாம் பேசினோம். பேச்சுவாக்கில் கேட்டேன்.

"சிஸ்டர், அந்த முதல் எபிசோட் எப்பிடி இருந்து?"

"பாக்கல்ல."

"பென்டிரைவ் போயிட்டா?"

"அலமாரியில பத்திரமா இருக்கு."

"பொறவு என்ன? இவ்வளவு வருஷமா ஒரு எபிசோட் பாக்க நேரமில்லியா?"

போனில் அலமாரிக் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"அதப் பாத்தா முடிஞ்சு போவும்லா மக்கா" என்றார்.

முடிவை முதலில் கேட்கிற மனுஷி இப்படிச் சொல்கிறார். அவருடைய பாணியிலேயே அவருக்கு உபகாரம் செய்யலாம் என்று நினைத்தேன். "செரி, நான் சொல்லிருதேன். முதல்ல ஒரு ரயிலு வரும். அதுல அந்தப் பொண்ணு..."

"வாய மூடுல" என்றார் சிஸ்டர். "சொல்லாத. அது எனக்குக் கெடக்கட்டு."